மேற்கட்டி இருக்கத் தலைப்பு எதற்கு?

காருக்குள் தலைக்கு மேலே ஒட்டியிருக்கும் துணி, பல கோடைகளைக் கண்ட பிறகு கழன்று தொட்டில்போலத் தொங்கத் தொடங்கும். பின்னிருக்கையில் அமர்பவரின் தலையில் உரசும். கண்ணாடியை இறக்கினால் காற்றில் படபடக்கும். அதை மாற்றுவது எப்படி என்று தமிழில் தேடுகிறவர்களுக்கு இப்போது கிடைப்பவை “தொய்வான தலைப்பை மாற்றுதல்”, “கார் தலைப்புத் துணி”, “தலைப்புப் பசை” என்பவைதான். விற்பனைப் பக்கங்களிலும் காணொளி விளக்கங்களிலும் மீண்டும் மீண்டும் இதையே பார்த்துப் பொறுமை போய்விட்டது. கட்டுரைக்குத் தலைப்பு உண்டு. சேலைக்கும் தலைப்பு உண்டு. அதனால் “தலைப்புத் துணி” என்று படிப்பவருக்கு முந்தானைதான் நினைவுக்கு வரும். காருக்கு ஏது தலைப்பு?

ஆங்கிலச் சொல் ஹெட்லைனர். பிரிட்டனில் ஹெட்லைனிங் என்பார்கள். லைனிங் என்பது ஆளிச்செடியின் நாரில் நெய்த லினன் துணியோடு பிறந்த சொல். ஆடையின் உட்புறத்தில் லினன் வைத்துத் தைத்ததிலிருந்து, எதற்கும் உள்ளே துணி கொடுப்பது லைனிங் ஆயிற்று. ஹெட் என்பது இங்கே தலைக்கு மேலே இருப்பதைச் சுட்டுகிறது, அவ்வளவுதான். இசை நிகழ்ச்சியின் முதன்மைக் கலைஞரையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பார்கள். செய்தித் தலைப்புக்கான சொல்லும் இதை ஒட்டியே ஒலிக்கும். மொழிபெயர்ப்பு இயந்திரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அதைச் சரிபார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டார்.

“தலைப்பு” பிழை என்பதை எவரும் ஒப்புக்கொள்வார்கள். என் உண்மையான வழக்கு “உட்கூரை” என்ற சொல்லோடுதான். தமிழார்வலர் பலர் இதை முன்வைக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு பட்டறையில் வேலை சொல்லிப் பாருங்கள், சிக்கல் தெரியும்.

காரின் மேற்பகுதியில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. வெளியே இரும்புத் தகடு, அதுதான் கூரை. அதன் கீழே, கூரையின் வளைவுக்கேற்ப அச்சில் வார்த்த பலகை. கண்ணாடி இழையையோ வேறு நாரையோ பிசினோடு அழுத்திச் செய்தது. மூன்றாவது, பலகையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டிய துணி. அதன் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு. துணி தொங்குவதற்குப் பெரும்பாலும் இந்த ஸ்பாஞ்சே காரணம். வெப்பத்திலும் ஈரத்திலும் அது இற்று, விரலால் தொட்டால் பழுப்புப் பொடியாக உதிரும். துணி நன்றாகவே இருக்கும், பலகையும் நன்றாக இருக்கும், இடையில் பிடிமானம்தான் இருக்காது. ஊசி வைத்துத் துணிக்குப் பின்னால் பசை ஏற்றுபவர்கள் மறுபடியும் ஏமாறுவது இதனால்தான். பசை ஒட்டுவது இற்றுப்போன பொடியின் மேல்.

இப்போது “உட்கூரையை மாற்ற வேண்டும்” என்று எழுதினால் எதை மாற்றுவது? துணியையா, பலகையையா? பலகை நீரில் ஊறி வளைந்திருந்தாலொழியப் புதுப் பலகை தேவையில்லை. பழைய பலகையைக் கழற்றி, பழைய ஸ்பாஞ்சை ஒரு துகள் விடாமல் தூரிகையால் தேய்த்தெடுத்து, பலகையிலும் புதுத் துணியின் முதுகிலும் வெப்பம் தாங்கும் பசையைத் தெளித்து, கைக்கு ஒட்டும் பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போனால் போதும். துணி மாற்றும் செலவு வேறு, பலகை மாற்றும் செலவு வேறு. “உட்கூரை” இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. கூரை என்ற சொல்லிலேயே ஓடு, கீற்று, தகடு எல்லாம் இருக்கின்றன. மழை தடுப்பது கூரை. உள்ளே அழகுக்கும் இரைச்சலைக் குறைப்பதற்கும் விரித்த துணியைக் கூரையின் இனத்தில் சேர்ப்பது பொருந்தாது.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? மேற்கட்டி இருக்கிறதே. கோயில் மண்டபத்தில் உற்சவருக்கு மேலே விரித்துக் கட்டும் துணி மேற்கட்டி. திருப்பாவையின் 26ஆம் பாசுரத்தில் ஆண்டாள் கேட்கும் பொருள்களில் விதானமும் ஒன்று: “கோல விளக்கே கொடியே விதானமே”. அந்த விதானத்துக்குப் பதவுரைகள் தரும் பொருள் மேற்கட்டி. கூரையின் கீழே, தலைக்கு மேலே, விரித்த துணி என்ற மூன்றையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் விதானமே போதாதா என்று கேட்கலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணமும் “நீல விதானத்து” நடந்ததுதான், பழமையில் குறையில்லை. ஆனால் வடமொழியிலிருந்து வந்த அச்சொல் இன்று துணியை விட்டு நெடுந்தூரம் போய்விட்டது. சித்தன்னவாசலின் தாமரைக் குளம் தீட்டப்பட்ட பாறையும் விதானம், மழைக்காட்டு மரங்களின் உச்சிப் பரப்பும் விதானம். தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது, பொருள் இவ்வளவு அகன்றுவிட்ட சொல்லை நான் எடுக்கமாட்டேன்.

மேற்கட்டிக்கு எதிராக இரண்டு வாதங்களைக் கேட்டிருக்கிறேன். கட்டி என்றதும் வீக்கம் நினைவுக்கு வருகிறதாம். வடிகட்டி என்னும்போது யாருக்கும் வீக்கம் நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவது, இன்றைய காரில் துணியை ஒட்டுகிறார்கள், கட்டுவதில்லை என்பது. மோரிஸ் மைனரிலும் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் பலகையே கிடையாது. துணியில் தைத்த உறைகளுக்குள் கம்பிகளைச் செருகி, குறுக்கே இழுத்துக் கட்டியதுதான் அவற்றின் மேற்கட்டி. செய்முறை மாறினாலும் சொல் நிற்கும். எள்ளின் நெய்யாகத் தொடங்கிய எண்ணெய் இன்று மண்ணெண்ணெய் வரை வந்திருக்கிறது. எவரும் குறை சொல்லவில்லை.

ஆகவே துணி, மேற்கட்டித் துணி. அதைத் தாங்குவது மேற்கட்டிப் பலகை. சீட் கவர் கடைக்காரர் ரூஃப் லைனிங் என்பார்; அவர் சொல்வது வாடிக்கையாளருக்குப் புரிகிறது, அதில் எனக்குச் சண்டையில்லை. தமிழில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, காரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் எழுதுகிறவர்களோடுதான் சண்டை. அமெரிக்கர் டிக்கியைக் குறிக்கும் ‘ட்ரங்க்’ என்ற சொல்லை மரத்தின் “தண்டு” ஆக்குகிறார்கள். பானெட்டைக் குறிக்கும் ‘ஹுட்’ என்ற சொல்லை, அதற்குக் கொச்சையில் குடியிருப்புப் பகுதி என்ற பொருளும் உண்டென்று, “பேட்டை” ஆக்குகிறார்கள். முகப்பு விளக்கு என்று அழகாகச் சொல் ஆக்கிய மொழியில் இந்தக் கவனக்குறைவுக்கு மன்னிப்பில்லை.

இது வெறும் அழகுப் பிரச்சினையும் அன்று. மோதலின்போது பக்கக் கண்ணாடிகளை மறைத்து விரியும் பக்கத்திரை ஏர்பேக் உள்ள கார்களில் அந்தப் பை மேற்கட்டியின் ஓரத்துக்குப் பின்னால்தான் மடிந்து கிடக்கிறது. பலகையைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை நீக்கி, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். “தலைப்பை அகற்றும் முன் மின்கலத்தைத் துண்டிக்கவும்” என்ற வரியைப் படிப்பவர், திரையில் எந்தத் தலைப்பை அழிப்பது என்று தேடுவார். “மேற்கட்டிப் பலகையைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை நீக்குங்கள்” என்று எழுதினால் அவர் கை நேரே பானெட்டைத் திறக்கப் போகும்.