‘அப்ளிகண்ட் டிராக்கிங் சிஸ்டம்’: கண்காணிப்பா, நிலையறிதலா?

காலிப் பணியிட அறிவிப்பை எழுதிப் பல வேலைவாய்ப்புத் தளங்களில் ஒரே நேரத்தில் வெளியிடுவது, வந்து சேரும் விண்ணப்பங்களை ஓரிடத்தில் தொகுப்பது, அவற்றைப் பரிசீலனை, நேர்காணல், பணியமர்த்தல் எனக் கட்டம் கட்டமாக நகர்த்துவது ஆகிய வேலைகளைச் செய்யும் மென்பொருளை ஆங்கிலத்தில் ‘அப்ளிகண்ட் டிராக்கிங் சிஸ்டம்’ என்றும், சுருக்கமாக ‘ஏடிஎஸ்’ என்றும் அழைக்கின்றனர். கனடாவில் 1999இல் தொடங்கப்பட்டு, 2012இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறிய டாலியோ இவ்வகையில் பெயர் பெற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ‘ஜோஹோ ரெக்ரூட்’ இவ்வகையைச் சேர்ந்ததே. இதைத் தமிழில் எழுதுவோர் பலர் ‘விண்ணப்பதாரர் கண்காணிப்பு அமைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்கின்றனர். அந்தப் பெயர் பொருந்தாது என்பதே என் கருத்து. ஏன் பொருந்தாது என்பதை அறிய, அதிலுள்ள சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ‘விண்ணப்பம்’. ‘அறியச் செய்தல்’ என்னும் பொருளுடைய ‘விஞ்ஞாபனம்’ என்ற வடசொல்லோடு உறவுடைய இச்சொல், பிராகிருதத்தின் வழியாகத் தமிழுக்கு வந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ச்சொல்லாகவே வாழ்ந்து வருகிறது. நம்மாழ்வாரின் திருவிருத்தம் முதற்பாட்டிலேயே, ‘அடியேன் செய்யும் விண்ணப்பமே’ என்று இதைக் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ‘திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய’ முதலாம் இராசராசன், தேவாரம் பாடும் பிடாரர்கள் 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அங்கே இறைவன் முன் பாடுவதே விண்ணப்பம் செய்தலாகும். திருவரங்கக் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைப் பாடும் அரையர்களுக்கும் ‘விண்ணப்பஞ் செய்வார்’ என்ற பெயர் உண்டு. இறைவனிடத்தும் அரசனிடத்தும் வாயால் அறிவிப்பதாக இருந்த ஒன்று, பிற்கால அலுவலகங்களில் தாளில் எழுதித் தருவதாகவும், இன்று திரையில் நிரப்பும் படிவமாகவும் மாறியிருக்கிறது. இந்த மாற்றங்கள் அனைத்திலும், தன்னைப் பற்றித் தானே முன்வந்து அறிவித்தல் என்னும் உட்பொருள் மாறவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான ‘அப்ளிகாரே’ என்னும் இலத்தீன் வினைக்கு ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்துதல் என்பது பொருள். அதைவிட நம் சொல் வேலை தேடுபவரின் செயலுக்கு மிக நெருக்கமாக அமைந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

‘விண்ணப்பதாரர்’ என்பதன் பின்பாதி, தாசில்தார், ஜமீன்தார் ஆகிய சொற்களில் உள்ள பாரசீக விகுதியே. இலங்கை அரசாங்க அறிவித்தல்களில் ‘விண்ணப்பதாரி’ என்ற வடிவம் வழங்குகிறது. இரண்டுமே மக்களுக்குப் பழகிய சொற்கள் என்பதால் மாற்றத் தேவையில்லை.

சிக்கல் இருப்பது ‘டிராக்கிங்’ என்ற நடுச்சொல்லில்தான். குதிரைகள் நடந்து சென்ற சுவட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இது, சுவடு பார்த்துப் பின்தொடர்தல் என்று விரிந்து, பின்னர் ஒரு பொருள் அல்லது வேலை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிதலையும் குறிக்கலாயிற்று. அஞ்சலில் அனுப்பிய பொட்டலம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறோமே, அந்தப் பொருள்தான் இந்த மென்பொருளின் பெயரிலும் உள்ளது. தமிழில் ‘கண்காணிப்பு’ என்றதும் நினைவுக்கு வருவது வேறு: மேலிருந்து ஒருவர் மற்றொருவரின் நடமாட்டத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருத்தல். சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்வையிட்டவர் ‘கண்காணி’ எனப்பட்டார். திருமூலர் எங்கும் நிறைந்து அனைத்தையும் காணும் இறைவனையே கண்காணி என்றார்.

அதே சொல்தான் மருவி, இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் ‘கங்காணி’ ஆயிற்று. கங்காணி தன் ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, உறவினரையும் ஊராரையும் தோட்ட வேலைக்குத் திரட்டிச் சென்றவர். தோட்டத்தில் அவர்களிடம் வேலை வாங்கியவரும் அவரே. இலங்கையில் ஒரு தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவர் போக முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, ஆளெடுத்த தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகர வில்லையோடு தொழிலாளர்கள் அங்கே அனுப்பப்பட்டனர். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது; மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. ஆள் சேர்ப்பதற்கும் கண்காணிப்பதற்கும் இடையே இப்படியொரு வரலாறு உள்ள மொழியில், வேலை கேட்டு வருபவரைக் கையாளும் கருவிக்குக் ‘கண்காணிப்பு’ என்று பெயரிடுவது கவனமின்மையே ஆகும்.

மென்பொருளின் நடைமுறையும் அப்பெயருக்கு இடம் தரவில்லை. அது பின்தொடர்வது ஆளை அன்று, அவர் தந்த விண்ணப்பத்தை. தன்விவரக் குறிப்பிலிருந்து பெயர், படிப்பு, அனுபவம் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து உரிய கட்டங்களில் இட்டு, தேடினால் கிடைக்கும்படி வைக்கிறது. (இங்கே தமிழருக்கென்று ஓர் எச்சரிக்கை: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பு அதற்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும், யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் எழுதினால்தான் தமிழாகப் படிக்கப்படும்.) அதன்பின், அந்த விண்ணப்பம் யார் பார்வையில், எந்த நிலையில் உள்ளது என்பதைப் பதிந்துகொண்டே வருகிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒவ்வோர் உதவியாளரும், தமக்கு வந்த தாள் எப்போது வந்தது, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, எப்போது முடிந்தது என்று எழுதிவரும் ‘தன்பதிவேடு’ செய்வதும் ஏறத்தாழ இதையே.

அரசுச் சேவைத் தளங்களில் சான்றிதழுக்கோ குடும்ப அட்டைக்கோ மனுச் செய்தவர்கள் ‘விண்ணப்ப நிலை’ என்ற தொடரை நன்கு அறிவார்கள். அந்தத் தொடரையே அடிப்படையாகக் கொண்டு, ‘விண்ணப்ப நிலையறி மென்பொருள்’ என்று இதற்குப் பெயர் சூட்டலாம் என்பது என் பரிந்துரை. ‘தடமறிதல்’ என்று சிலர் எழுதுவது கண்காணிப்பைவிட மேலானதே எனினும், களவு நடந்த இடத்தில் கால்தடம் தேடும் சாயல் அதில் தங்கியிருக்கிறது. ‘சிஸ்டம்’ என்பதற்கு அமைப்பு, முறைமை என்று இரண்டு சொற்கள் இருந்தும், அமைப்பு என்றால் சங்கம், இயக்கம் என்று கொள்ளவும் இடமுண்டு என்பதால் மென்பொருள் என்றே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது தெளிவு. ‘நிலையறி’ என்பது வினைத்தொகையாக நிற்பதால் பின்னே வல்லினம் வந்தாலும் ஒற்று மிகாது. ‘நிலையறி கருவி’ என்றே எழுத வேண்டும்.

இதனினும் விரிந்த பொருளில், ஆள் தேடுவது முதல் பணியமர்த்துவது வரை அனைத்தையும் குறிக்க ‘ஆட்சேர்ப்பு மென்பொருள்’ போதும். ‘ரெக்ரூட்’ என்ற சொல் மீண்டும் வளர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து தோன்றி, குறைந்துபோன படைக்குப் புதிய வீரரைச் சேர்த்தலைக் குறித்தது; ‘ஆட்சேர்ப்பு’ அதற்குச் சரியாகவே பொருந்துகிறது. காலிப் பணியிடத்தை இலங்கையில் ‘வெற்றிடம்’ என்பர். அரபு மூலமுடைய ‘காலி’யைத் தவிர்க்க விரும்புவோர் அதை எடுத்தாளலாம். மென்பொருளின் திரையைத் தமிழாக்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கடைசிக் கட்டத்துக்கு ‘நிராகரிக்கப்பட்டவர்’ என்று ஆளின்மேல் முத்திரை குத்தாமல், ‘இப்பணிக்குத் தேர்வாகவில்லை’ என்று விண்ணப்பத்தின் நிலையாக எழுதுங்கள். அதே விண்ணப்பம் அடுத்த அறிவிப்பின்போது மீண்டும் எடுத்துப் பார்க்கப்படக்கூடும்.