கோலாலம்பூரில் பிறந்த குழந்தைக்கு எந்த நாட்டுக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்)?

வேலை பெர்மிட்டில் மலேசியா வந்திருக்கும் இந்தியத் தம்பதிக்குக் கோலாலம்பூரில் குழந்தை பிறக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்லும் தாள் ஒன்றுகூட வீட்டில் இருக்காது. தேசியப் பதிவு இலாகா தரும் பிறப்புப் பத்திரம் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிறப்பு நடந்ததற்குத்தான் அது சாட்சி. தாள் மலேசிய அரசுடையது என்பதால் குழந்தை மலேசியர் ஆகிவிடாது. குடியுரிமைத் தகுதி என்ற இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்லர், என்றே இருக்கும்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 14ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும் பிறந்த மண்ணோடு பெற்றோரின் தகுதியையும் சேர்த்தே பார்க்கின்றன. பிறக்கும் நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது மலேசியராகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்பதே நெடுங்கால விதி. இதில் நிரந்தர வசிப்பிடத் தகுதியை மட்டும் வைத்துத் தானாகக் குடியுரிமை கிடைக்கும் வழியை, 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் நீக்குகிறது. நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோர், குழந்தை பிறந்த தேதியில் எந்த விதி நடப்பில் இருந்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தவறான யோசனையும் ஊரில் உலவுகிறது. எந்த நாட்டிலும் பதியாமல் விட்டால், நாடற்ற குழந்தை என்ற கணக்கில் மலேசியக் குடியுரிமை கிடைத்துவிடுமாம். நாடற்றுப் பிறக்கும் குழந்தைக்கான விதி அரசியலமைப்பில் இருப்பது உண்மை. ஆனால் பிறந்து ஓராண்டுக்குள் பெறக்கூடிய வேறு நாட்டுக் குடியுரிமையும் அங்கே கணக்கில் வருகிறது. இப்படிப்பட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கின்றன. அதுவரை பிள்ளைக்குப் பள்ளி, மருத்துவமனை, பயணம் எல்லாமே இழுபறிதான். பெற்ற பிள்ளையை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

சரியான வழி பதிவு இலாகாவில் தொடங்குகிறது. தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்பு உறுதிப் படிவம், இருவரின் அசல் கடப்பிதழ், அசல் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றோடு போக வேண்டும். திருமணச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு கேட்பார்கள். கெடு தாண்டினால் அது தாமதப் பதிவு. கூடுதல் ஆவணம், விசாரணை, அலைச்சல் எல்லாம் வரும்.

பெரும்பாலான சிக்கல் இந்த முதல் கவுண்டரிலேயே, பெயரில்தான் பிறக்கிறது. மலேசியத் தமிழர் பெயரில் மகன் என்பதற்கு 'ஏ/எல்', மகள் என்பதற்கு 'ஏ/பி' என்று இடையில் வரும். கவுண்டரில் இருப்பவருக்குக் கை பழகிய முறை அது. இந்தியக் கடப்பிதழிலோ கொடுத்த பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டே கட்டம். இந்தச் சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை. போதாக்குறைக்கு நம் ஊர் இனிஷியல் வேறு. தந்தையின் கடப்பிதழில் 'முருகேசன் செந்தில்' என்று விரிந்திருக்கும், திருமணச் சான்றிதழில் 'எம். செந்தில்' என்றிருக்கும், பிறப்புப் பத்திரத்தில் 'செந்தில் முருகேசன்' என்று விழும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று பிறகு தூதரகத்தில் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். அதனால் குழந்தையின் பெயரைக் கடப்பிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படியே ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பெற்றோர் பெயரை அவரவர் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அச்சிடும் முன் சரிபார்க்கச் சொல்லி ஒரு நகலை நீட்டுவார்கள். குழந்தை அழுகிறது, வரிசை நீள்கிறது என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. பின்னால் திருத்தலாம்தான், ஆனால் அது தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு.

அடுத்த கண்ணி திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, ஆல்பமும் இருக்கும். சான்றிதழ் மட்டும் இருக்காது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதியப்பட வேண்டியவை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்பின் பதிவில்லாத கோயில் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே அல்ல. சான்றிதழ் இல்லாவிட்டால் குழந்தை திருமணத்திற்கு வெளியே பிறந்ததாகக் கொள்ளப்படும். அப்போது தாயும், தந்தை என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால்தான் தந்தை பெயர் ஏறும். இல்லையேல் அந்த இடத்தில் 'மக்லுமாட் தீடாக் டிபெரோலே', அதாவது விவரம் கிடைக்கவில்லை, என்று அச்சாகும்.

இருவரும் இந்தியர் என்றால் இதைத் தாயின் வழியாகச் சமாளிக்கலாம். தந்தை மலேசியர், தாய் இந்தியர் என்றால் நிலைமை வேறு. திருமணம் பதிவாகியிருந்தால் குழந்தை பிறப்பாலேயே மலேசியர். பதிவாகாத நிலையில் பிறந்தால், அரசியலமைப்பின்படி தந்தையின் தகுதி கணக்கில் வராது. தாயின் தகுதிதான் பேசும். தந்தை பெயர் பத்திரத்தில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. பிறகு அவசரமாகத் திருமணத்தைப் பதிந்தாலும் குடியுரிமை தானாகத் திரும்பி வராது. உள்துறை அமைச்சிடம் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். பிரசவத்துக்கு முன் ஒருநாள் விடுப்பு எடுத்துத் திருமணத்தைப் பதிந்துவிட்டால் தீர்ந்திருக்கும் விஷயம் இது.

இனி தூதரகம். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இன் 4ஆவது பிரிவு, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். அம்மாவும் அப்பாவும் இந்தியர்தானே, பிள்ளையும் இந்தியர்தானே என்பது வீட்டுப் பேச்சுக்குச் சரி. சட்டத்தில் இந்தப் பதிவு இல்லாமல் குழந்தை இந்தியர் ஆகாது. ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். கோப்பு டில்லிக்குப் போய் வர எத்தனை மாதம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இலங்கைத் தம்பதிகளுக்கும் ஏறக்குறைய இதே ஓராண்டுக் கணக்குதான், பிந்தினால் அபராதம்.

இந்தியக் கடப்பிதழ் விண்ணப்பத்தில் பெற்றோர் இருவரும் 'டி' இணைப்பு (Annexure D) உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சம்மதம் தர மறுத்தாலோ தொடர்பில் இல்லாவிட்டாலோ 'சி' இணைப்பு. அதில் காரணத்தை உள்ளபடி எழுத வேண்டும், நீதிமன்ற உத்தரவு இருந்தால் சேர்க்க வேண்டும். புகைப்படத்தில்தான் பலர் திரும்பி வருகிறார்கள்: குழந்தையின் கண் திறந்திருக்க வேண்டும், பின்னணி வெள்ளை, தாங்கிப் பிடிக்கும் கை தெரியக் கூடாது. வெள்ளைத் துணியில் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பது சுலபம். சிறார் கடப்பிதழ் ஐந்தாண்டுதான் செல்லும்.

கடப்பிதழ் கைக்கு வந்ததும் குடிநுழைவுத் துறையில் குழந்தைக்குச் சார்ந்திருப்போர் பாஸ் எடுக்க வேண்டும். வேலை பாஸின் வகையைப் பொறுத்தே அந்த உரிமை இருப்பதால், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் பிரசவத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாஸ் இல்லாமல் விமான நிலையம் போனால் குடிநுழைவுக் கவுண்டரில் நிறுத்துவார்கள். முன்கூட்டியே சிறப்பு பாஸ் வாங்கியிருக்க வேண்டும். தாத்தா பாட்டிக்குக் காட்டும் அவசரத்தில் சிலர் தூதரகத்தின் அவசரச் சான்றிதழை வாங்கிப் பறக்கிறார்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே. திரும்பி வரக் கடப்பிதழும் விசாவும் அங்கிருந்து எடுக்க வேண்டும், அதுவரை தாயும் சேயும் சென்னையில், தந்தை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில்.

கடைசியாக, யாரும் முன்கூட்டிப் பேச விரும்பாத ஒன்று. குழந்தையின் கடப்பிதழ் யார் அலமாரியில் இருக்கிறதோ அவருக்கே குழந்தை என்று சட்டம் சொல்லவில்லை. மலேசியாவின் 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டம், 1999 திருத்தத்துக்குப் பின், முஸ்லிம் அல்லாத தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தருகிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நலம் என்று மலேசியத் திருமணச் சட்டம் அனுமானிக்கிறது. எதிர்வாதம் வைத்து அதை மாற்றலாம். இந்தியாவில் இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வயது ஐந்து.

சர்வதேச அளவில் குழந்தை கடத்தலைத் தடுக்கும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஒருவர் குழந்தையோடு ஊருக்குப் போய்த் திரும்ப மறுத்தால், உடன்படிக்கை வழியாகக் குழந்தையை மீட்டு வர முடியாது; அங்கேயே வழக்குப் போட வேண்டியதுதான். அப்படி ஒரு பயம் இருந்தால், குழந்தை புறப்படும் முன்பே இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் வெளியே கொண்டுபோகத் தடை கேட்க வேண்டும். இங்கே மணவிலக்கு கேட்க மலேசியாவே நிலையான வாழிடம் என்று காட்ட வேண்டும். மனைவி மனு போடுவதானால் தொடர்ந்து ஈராண்டு இங்கே குடியிருந்தது போதும். மணவிலக்கு வரை போகாதவர்கள் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் தனியாக மனு போடலாம். விமானம் ஏறிய பின் இந்த வழிகளின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

நல்லபடியாக வாழும் தம்பதியும் ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணிக்கும்போது, மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் அவரது கடப்பிதழ் நகலையும் பையில் வைத்திருப்பது நல்லது. பயணத் தேதி, போகும் முகவரி, திரும்பும் தேதி ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். பிறப்புப் பத்திரத்தின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள். தாயின் கடப்பிதழில் ஒரு பெயரும் குழந்தையினதில் வேறொரு கடைசிப் பெயரும் இருக்கும் நம் வழக்கத்தில், இவர் இன்னாருடைய பிள்ளை என்று காட்ட கவுண்டரில் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.