டை-இன் நாவல்: தமிழில் என்ன சொல்வது?

ஒரு தொலைக்காட்சித் தொடரையோ திரைப்படத்தையோ வீடியோ கேமையோ ஒட்டி, அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுதப்படும் நாவல்தான் டை-இன் நாவல். உலகமும் கதாபாத்திரங்களும் உரிமையாளருடையவை, எழுத்து மட்டும் எழுத்தாளருடையது, அதுவும் சட்டப்படி பார்த்தால் பெரும்பாலும் அவருடையது இல்லை. காப்புரிமைப் பக்கத்தைப் புரட்டினால் அங்கே ஸ்டுடியோவின் பெயர்தான் இருக்கும். எழுதியவருக்குப் பணம் உண்டு, அட்டையில் பெயரும் உண்டு, தொடரின் பெயருக்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இலக்கியத்திலிருந்து வரவில்லை, கடைத்தெருவிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'டை' என்றால் கட்டு, முடிச்சு. கழுத்தில் கட்டுகிற டையும் அதுதான். அமெரிக்க வணிகத்தில் ஒரு பொருளோடு இன்னொரு பொருளைச் சேர்த்துக் கட்டி விற்பதை 'டை-இன்' விற்பனை என்றார்கள். நாம் 'தலையில் கட்டிவிட்டான்' என்று சொல்வோமே, ஏறக்குறைய அந்த வாசனைதான். அங்கிருந்து விளம்பரத்துக்குப் போனது, அப்புறம் பதிப்பகங்கள் எடுத்துக்கொண்டன. ஆனால் சொல்லுக்குள் இந்தப் பொருள் நிலைபெறும் முன்பே சரக்கு சந்தையில் இருந்தது: மௌனப் படக் காலத்திலேயே அமெரிக்காவில் படத்தின் புகைப்படங்களை உள்ளே வைத்து நாவல்கள் விற்றன, 'கிங் காங்' கதையை டெலோஸ் லவ்லேஸ் நாவலாக எழுதி 1932 டிசம்பரிலேயே புத்தகம் வந்துவிட்டது, படம் திரைக்கு வந்தது 1933 மார்ச்சில்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சில சொற்கள் இருக்கின்றன. படத்தின் அல்லது தொடரின் கதையையே உரைநடையில் திருப்பி எழுதினால் அது 'நாவலைசேஷன்', தமிழில் நாவலாக்கம் என்று சொன்னால் போதும், யாருக்கும் புரியும். திரையில் வராத புதுக் கதையை அதே உலகத்தில் எழுதினால் அதுதான் கறாரான பொருளில் டை-இன் நாவல், பேச்சுவழக்கில் இரண்டையுமே அப்படிச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இருந்த ஒரு நாவலைப் படமாக்கிய பிறகு கதாநாயகன் படத்தை அட்டையில் போட்டு மறுபடியும் அச்சடிப்பதற்கும் 'டை-இன் பதிப்பு' என்று பெயர், அதில் உள்ளே ஒரு வரிகூட மாறாது, அதை 'திரைப்பட அட்டைப் பதிப்பு' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். நம் ஊர்களில் விற்ற கதை வசனப் புத்தகம் இந்த மூன்றிலும் சேராது, அது வசனத்தை அப்படியே அச்சில் கொடுத்தது, யாரும் அதை நாவலாக மாற்றவில்லை.

இந்த வகை எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 'ஸ்டார் ட்ரெக்' மாதிரி வசதியான இடம் வேறு கிடையாது. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய அந்த விண்வெளித் தொடர் அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8-ல் தொடங்கி 1969-ல் நிறுத்தப்பட்டது, மொத்தம் 79 அத்தியாயங்கள். தொடர் தொடங்கிச் சில மாதங்களிலேயே, 1967 ஜனவரியில், பேண்டம் பதிப்பகம் ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது, ஏழு அத்தியாயங்கள் ஏழு சிறுகதைகளாக. பிளிஷ் சாதாரண ஆள் இல்லை, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை 1959-லேயே வாங்கியவர். ஆனால் தொடக்கத்தில் அவர் தொடரைப் பார்த்து எழுதவில்லை, அனுப்பப்பட்ட திரைக்கதைப் பிரதிகளை வைத்துக்கொண்டு எழுதினார், படப்பிடிப்பில் பிரதி மாறிவிட்டால் அந்த மாற்றம் அவருக்குத் தெரியாது. அதனால்தான் திரையில் பார்த்ததும் புத்தகத்தில் படிப்பதும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. அதற்காக வாசகர்கள் வாங்காமல் இருந்துவிடவில்லை. வீட்டில் வீடியோ டேப் இல்லாத காலம், உள்ளூர் நிலையம் மறு ஒளிபரப்பு செய்தால் உண்டு, இல்லையென்றால் பிடித்த அத்தியாயத்தை மறுபடியும் அனுபவிக்க இந்தச் சின்னப் புத்தகம்தான் வழி. பன்னிரண்டு தொகுதிகள் வந்தன, பிளிஷ் 1975-ல் இறந்துபோக, கடைசித் தொகுதியை அவருடைய மனைவி ஜே. ஏ. லாரன்ஸ் முடித்துக்கொடுத்தார்.

பிளிஷே 1970-ல் பெரியவர்களுக்கான முதல் புதுக்கதை நாவலையும் எழுதினார். அதற்கு முன் 1968-ல் சிறுவர்களுக்காக மாக் ரெனால்ட்ஸ் ஒன்று எழுதியிருந்தார். பிறகு உரிமம் பாக்கெட் புக்ஸ் நிறுவனத்துக்குப் போனது (நம் மாத நாவல் இல்லை, நியூயார்க் பதிப்பகம்), ஸ்டார் ட்ரெக்கை வைத்திருந்த பாரமவுண்ட்டும் பாக்கெட் புக்ஸின் தாய் நிறுவனமும் அப்போது ஒரே பெருநிறுவனத்தின் கையில் இருந்தன, ஆகவே இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1979-ல் முதல் திரைப்படத்தின் நாவலாக்கத்தை ராடன்பெரியே எழுதினார். 1981 முதல் அங்கிருந்து புதுக்கதை நாவல்கள் வரிசையாக வரத் தொடங்கின, இன்றைக்கு எண்ணினால் பல நூறு தேறும்.

இங்கேதான் 'கட்டு' என்கிற பொருள் நிஜமாகவே வேலை செய்கிறது. விண்கலத்தின் கேப்டன் கிர்க் சாக முடியாது, அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடும்பஸ்தனாகிவிட முடியாது, கப்பல் எந்த நிலையில் முதல் பக்கத்தில் இருந்ததோ ஏறக்குறைய அதே நிலையில் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டுமே, அந்த மாதிரி. கையெழுத்துப் பிரதி உரிமையாளரின் மேசைக்குப் போய் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். 1985-ல் டெல்லா வான் ஹைஸ் எழுதிய ஒரு நாவலில் திருத்தப்பட வேண்டிய பிரதி தவறுதலாக அச்சுக்குப் போய்விட, பதிப்பைத் திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள், கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் நடுவே நட்பைத் தாண்டிய நெருக்கம் இருப்பதாகத் தோன்றும் இடங்கள்தான் பிரச்சினை. அந்தத் திருத்தாத பிரதியைச் சேகரிப்பாளர்கள் இன்னமும் தேடி வாங்குகிறார்கள்.

திரைதான் பிரமாணம், புத்தகம் பிரமாணம் இல்லை என்பதும் இந்தக் கட்டின் ஒரு பகுதி. திரையில் வந்ததை 'கேனன்' என்கிறார்கள். அளவுகோலாகப் பயன்பட்ட நாணல் தண்டைக் குறித்த கிரேக்கச் சொல், கிறித்தவத் திருச்சபை ஏற்றுக்கொண்ட நூல்களின் பட்டியலுக்குப் பெயராகி, பிறகு ரசிகர்களிடம் வந்து சேர்ந்தது. ஜான் எம். ஃபோர்ட் 1984-ல், தொடரில் எதிரிகளாக வரும் வேற்றுக்கிரகவாசிகளான கிளிங்கான்களின் பக்கத்திலிருந்து ஒரு நாவல் எழுதினார், அவர்களுடைய குடும்பம், விளையாட்டு, மொழி, கௌரவம் எல்லாம் வைத்து, கிர்க்கும் ஸ்பாக்கும் தலையைக் காட்டுவதோடு சரி. என்னைக் கேட்டால் மொத்த வரிசையிலும் இலக்கியமாக நிற்பதில் அது ஒன்று. 1987-ல் அடுத்த தலைமுறைத் தொடர் வந்து கிளிங்கான்களை வேறு மாதிரி காட்டியது, ஃபோர்டின் கிளிங்கான்கள் அந்தப் புத்தகத்தோடு நின்றுபோனார்கள்.

இதைவிடப் பெரிய கதை 2001-க்குப் பிறகு நடந்தது. ஸ்டார் ட்ரெக்கின் இன்னொரு தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' 1999-ல் முடிந்துவிட, அது நின்ற இடத்திலிருந்து நாவல்கள் தொடர்ந்தன, ஒரு புத்தகத்தில் நடந்தது அடுத்தவர் புத்தகத்தில் விளைவாக வந்தது, கதாபாத்திரங்கள் கல்யாணம் செய்தார்கள், பதவி உயர்ந்தார்கள், செத்தார்கள். 2005-க்குப் பிறகு 2017 வரை புதுத் தொடர் எதுவும் ஓடாததால் கேட்பாரும் குறைவு. ஏறக்குறைய இருபது வருடம் பல எழுத்தாளர்கள் சேர்ந்து கட்டிய உலகம். 2020 ஜனவரியில் 'பிக்கார்ட்' தொடர் தொடங்கி அதே கதாபாத்திரங்களுக்கு வேறொரு எதிர்காலத்தைக் காட்டியது, அத்தோடு நாவல் உலகத்தின் காலடியில் தரை இல்லை. வேறு யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் கைவிட்டிருப்பார்கள். இவர்களோ 2021-ல் டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மாக் என்று மூன்று பேர் மூன்று நாவல்களாக எழுதி (படிக்க நினைப்பவர்கள் இந்த வாக்கியத்தைத் தாண்டிவிடுங்கள்) நாம் வாழ்ந்த காலக்கோடே கிளைத்துப்போன ஒன்றுதான், மற்ற உலகங்கள் பிழைக்க வேண்டுமானால் இது இல்லாமல் போக வேண்டும் என்று கதைக்குள்ளேயே அதற்கு முடிவு கட்டினார்கள்.

கட்டு ஒருபக்கம் மட்டும் இழுக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. கிர்க்கின் கப்பலை ஓட்டும் சுலுவுக்கு அறுபதுகளின் தொடரில் முதற்பெயரே கிடையாது. 1981-ல் வோண்டா மெக்கிண்டயர் தன் நாவலில் 'ஹிகாரு' என்று வைத்தார், ஒளி என்று பொருள் தரும் ஜப்பானியப் பெயர், பத்து வருடம் கழித்து 1991-ல் ஆறாவது படத்தில் அது திரையிலேயே உச்சரிக்கப்பட்டது. அதே கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுராவின் 'நியோட்டா' என்ற பெயரும் 1982-ல் ஒரு புத்தகத்தில் அச்சாகி 2009 படத்தில்தான் திரைக்கு ஏறியது. சுவாஹிலியில் நட்சத்திரம் என்று பொருள்.

சரி, தமிழுக்கு வருவோம். 'இணைப்பு நாவல்' என்று ஒரு நேர்மொழிபெயர்ப்பு கைக்கு உடனே வருகிறது. ஆனால் வார இதழ் படித்து வளர்ந்த யாருக்கும் 'இணைப்பு' என்றால் 'இலவச இணைப்பு'தான் ஞாபகம் வரும், ஷாம்பு பாக்கெட்டோடு கூட வந்த புத்தகம் என்று நினைத்துக்கொள்வார்கள். 'தொடர்பு நாவல்' எதையும் சொல்வதில்லை. 'தழுவல்' தப்பு, தழுவல் என்றால் மூலக்கதையை எடுத்து நம் சூழலுக்கு மாற்றுவது, டை-இன் எழுத்தாளருக்கு மாற்றுகிற உரிமைதானே இல்லை. 'தொடர்ச்சி நாவல்' என்பதும் முழுக்கப் பொருந்தாது, 'பொன்னியின் செல்வன்' கதையைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினாரே, அது தொடர்ச்சி, ஆனால் எந்த ஸ்டுடியோவும் வேலைக்கு அமர்த்தி எழுத வைத்ததில்லை.

நான் பயன்படுத்துவது 'சார்பு நாவல்'. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, நன்னூலில் இருக்கிறது. 'முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்' என்கிறார் பவணந்தி முனிவர். முதல்நூல் யாரையும் பின்பற்றாதது, வழிநூல் முதல்நூலின் முடிவுகளை ஒப்புக்கொண்டு வேண்டிய வேறுபாடுகளைச் சொல்வது, சார்பு நூல் இந்த இரண்டோடும் ஒருபகுதி ஒத்துப்போய் மற்றதில் வேறுபடுவது, அதற்குப் புடைநூல் என்றும் பெயர், பக்கத்தில் நிற்கும் நூல். அவர் இலக்கண, அறிவு நூல்களைப் பற்றித்தான் பேசினார், விண்கலத்தைப் பற்றி இல்லை, தெரியும். ஆனாலும் திரையில் வந்தது முதல், நாவலாக்கம் வழி, புதுக்கதை சார்பு என்று வைத்துப் பாருங்கள், எவ்வளவு சுலபமாக உட்காருகிறது. தொல்காப்பியம் வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கு வகை சொல்கிறது. ஏறக்குறைய ஐம்பது நிமிட அத்தியாயத்தைச் சிறுகதையாகச் சுருக்கிய பிளிஷ் செய்தது தொகுத்தல். ஸ்டார் ட்ரெக்கின் 22 அனிமேஷன் அத்தியாயங்களைப் புத்தகமாக்கிய ஆலன் டீன் ஃபாஸ்டர் முதல் ஆறு புத்தகங்களில் மூன்று மூன்றாகச் சேர்த்துப் போட்டுவிட்டு, கடைசி நான்கில் அரை மணி நேர அத்தியாயம் ஒவ்வொன்றையும் தனி நாவலாக நீட்டினார், தொகைவிரிக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

பழைய பகுப்பில் இல்லாதது ஒன்றுதான், உரிமை. அன்றைக்குக் காப்புரிமையும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அதனால் சந்தேகம் வரக்கூடிய இடத்தில் 'உரிமம் பெற்ற சார்பு நாவல்' என்று நீட்டிச் சொல்லுங்கள். ரசிகர்கள் தாமாக எழுதும் கதைகளை அப்போது 'ரசிகர் புனைவு' என்று தனியே வைத்துக்கொள்ளலாம், உரிமம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம், தரம் இல்லை.

'சார்பு' என்றதும் சார்பு நீதிமன்றம், சார்பு ஆய்வாளர் என்று ஒருபடி கீழே இருப்பதுபோல ஒலிக்கிறதே என்று ஒரு ஆட்சேபம் வரலாம். ஒலிக்கட்டும், ஆங்கிலத்திலும் இந்த நாவல்களுக்கு அந்த மரியாதைதான் கிடைத்தது, அதனாலேயே இந்த எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து 'ஸ்க்ரைப்' என்று விருதும் கொடுக்கத் தொடங்கினார்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. தனித்தமிழ் ஆர்வத்தில் 'சார்புப் புதினம்' என்று எழுதினால் (அப்போது 'ப்' வரும், 'சார்பு நாவல்' என்றால் வராது) தமிழ்நாட்டில் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணத்தில் 'என்ன புதினம்?' என்றால் என்ன செய்தி என்று கேட்பது, அங்கே அதை ஒருபக்கச் சார்பான செய்தி என்று படித்துவிடக் கூடும்.