மெனோபாஸ்: நிறுத்தமா, நின்றுபோதலா?

அக்டோபர் 18 உலக மெனோபாஸ் நாள். அந்தத் தேதி நெருங்கினால் போதும், நலவாழ்வுப் பக்கங்களில் மெனோபாஸுக்குத் தமிழாக ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்ற தொடர் வரிசைகட்டி வரும். ‘மாதவிடாய் நிறுத்தத்தின் அறிகுறிகள்’, ‘மாதவிடாய் நிறுத்தத்தை எதிர்கொள்வது எப்படி’, ‘மாதவிடாய் நிறுத்தம் ஏற்பட்ட பெண்களுக்கான உணவு’. எனக்குப் புரியாதது ஒன்றுதான்: நிறுத்தியது யார்?

மூலச் சொல்லை முதலில் முடித்துவிடுவோம். கிரேக்கத்தில் ‘மேன்’ என்றால் மாதம். ‘பௌசிஸ்’ என்றால் ஓய்தல், முடிதல். இரண்டையும் ஒட்டவைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் த கார்டான். 1821இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அதுவரை அங்கே ‘நெருக்கடி வயது’ என்பதுதான் வழக்கு. தமிழில் விடாய் என்றால் தாகம், களைப்பு; மாதம் சேர்ந்தால் மாதவிடாய். மாதவிலக்கு என்ற சொல் ஒதுங்கியிருப்பதைக் குறிக்கிறது. உடலில் நடப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே மாதவிடாயே போதும் என்பது என் கட்சி. தகராறு அதன் பின்னால் வரும் சொல்லில்தான்.

‘நில்’ தன்வினை. ‘நிறுத்து’ பிறவினை. மழை நின்றது, ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ‘நிறுத்து’ என்ற வினையிலிருந்து வரும் பெயர் ‘நிறுத்தம்’. அதனால் அந்தச் சொல் எங்கே வந்தாலும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். வேலைநிறுத்தம் என்றால் தொழிலாளர்கள் நிறுத்துகிறார்கள். போர்நிறுத்தம் என்றால் இரு தரப்பும் பேசி நிறுத்துகின்றன. பேருந்து நிறுத்தத்தில் ஓட்டுநர் நிறுத்துகிறார், அல்லது நிறுத்தாமல் போகிறார். மழை ஓய்ந்ததை ‘மழை நிறுத்தம்’ என்று எவராவது எழுதுவாரா? காற்று நின்றதை ‘காற்று நிறுத்தம்’ என்பாரா? மாட்டார். மாதவிடாய் என்று வந்ததும் மட்டும் அந்தக் காது எங்கே போய்விடுகிறது?

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். ‘சொல் வழக்கில் ஊன்றிவிட்டது, நிறுத்தம் என்றாலே இப்போது முடிவு என்றுதான் பொருள், இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஆகாது’ என்பார்கள். சரி, இலக்கணத்தை விடுவோம். மருத்துவத்துக்கே வருவோம். அங்கேதான் இந்தச் சொல் உண்மையில் குழப்பம் செய்கிறது.

இயல்பாக நடப்பது என்ன? ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் வரை முதிராத சினைமுட்டைகள் இருக்கின்றன. பருவமடையும்போது அவற்றில் 3 அல்லது 4 லட்சம் மிச்சம் இருக்கும். அதன் பிறகும் கரைந்துகொண்டே வரும். இருப்பு தீரத் தீர ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரப்பு தடுமாறி, பிறகு விழுந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கருப்பையின் உள்வரி வளராது. வளராத உள்வரி உதிர்வதும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நடக்கிறது. இதில் நிறுத்துபவர் எங்கே?

நிறுத்துபவர் இருக்கும் இடங்களும் உண்டு. நோய் காரணமாக இரண்டு சினைப்பைகளையும் அறுவை செய்து எடுத்தால் மாதவிடாய் உடனடியாக முடிகிறது. சில புற்றுநோய்களுக்கான சிகிச்சையில் சினைப்பையின் வேலையை மருந்தால் அடக்குகிறார்கள். எண்டோமெட்ரியோசிஸுக்கும் (கருப்பையின் உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) கருப்பையின் பெரிய நார்க்கட்டிகளுக்கும் ஊசி போட்டுச் சில மாதங்களுக்கு மாதவிடாயைத் தடுத்துவைப்பது உண்டு. மருந்தை விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். இவையெல்லாம் அப்பட்டமான மாதவிடாய் நிறுத்தம். மருத்துவர் நிறுத்துகிறார், நிறுத்துவதற்கு முன் ஒப்புதலும் வாங்குகிறார். இந்தச் சொல்லை இயல்பான முடிவுக்குத் தாரைவார்த்துவிட்டால் இதற்கு எந்தச் சொல்லைத் தேடுவது? ‘செயற்கை மாதவிடாய் நிறுத்தம்’ என்று இன்னொரு வாலை ஒட்டவேண்டியதுதான். ஒட்டியும் இருக்கிறார்கள்.

கருப்பை நீக்கம் இன்னொரு சிக்கல். கருப்பையை எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைத்தால் இரத்தப்போக்கு இருக்காது. ஆனால் சினைப்பைகள் பொதுவாகத் தொடர்ந்து வேலை செய்யும். சிலருக்கு அவை சற்று முன்கூட்டியே ஓயலாம். ஆக, மாதவிடாய் நிறுத்தப்பட்டுவிட்டது, மெனோபாஸ் இன்னும் வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்ற தொடரை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்: ‘மாதவிடாய் நிறுத்தப்பட்டாலும் மாதவிடாய் நிறுத்தம் ஏற்படுவதில்லை.’ படிப்பவர் பாவம்.

அடுத்தது காலம். மருத்துவத்தில் மெனோபாஸ் என்பது பல ஆண்டு நீளும் பருவத்தின் பெயர் இல்லை. அது கடைசி மாதவிடாய் என்ற ஒரு புள்ளி. வேறு காரணம் எதுவும் இல்லாமல் 12 மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால்தான், பின்னோக்கிப் பார்த்து, ‘அன்று வந்ததுதான் கடைசி’ என்று சொல்லமுடியும். அதற்கு முன்னால் சில ஆண்டுகள் சுழற்சி தாறுமாறாக இருக்கும். ஒரு மாதம் கொட்டும், இரண்டு மாதம் காணாமல் போகும். திடீரென்று உடம்பு தணலாகும் வெம்மை, இரவு வியர்வை, தூக்கக்கேடு, எரிச்சல் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு. ‘மாதவிடாய் நிறுத்த காலத்தில்’ என்று ஒரே தொடரால் எல்லாவற்றையும் மூடுகிறவர்கள், கருத்தடை இன்னும் தேவை என்ற செய்தியையும் சேர்த்தே மூடிவிடுகிறார்கள்.

நம் வினை இந்த இடத்தில் கைகொடுக்கிறது. நிற்கும் காலம், நின்றுபோதல், நின்றுபோன பின். மூன்று கட்டங்களும் ஒரே வினையிலேயே வந்துவிட்டன. கிரேக்க, லத்தீன் முன்னொட்டுகளை வைத்து ‘பெரிமெனோபாஸ்’, ‘போஸ்ட்மெனோபாஸ்’ என்று ஆங்கிலத்தில் செய்ததை நாம் ஒரு வினையைத் திருப்பியே செய்துவிடலாம். ‘நிறுத்த’த்தோடு இதைச் செய்ய முயன்றால் ‘மாதவிடாயை நிறுத்திய பெண்கள்’ என்று முடியும். மாத்திரை விழுங்கி நிறுத்தியதாகத்தான் யாரும் படிப்பார்கள்.

‘நிற்றல் என்றாலும் தற்காலிகமாக நிற்பதாக இருக்கலாமே, மழை நின்று மறுபடி பெய்யவில்லையா’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ‘நின்றுபோதல்’ என்கிறேன். அந்தப் ‘போ’ சும்மா ஒட்டவில்லை. உடைந்துபோனது, தீர்ந்துபோனது என்பதைப் போல இனித் திரும்பாது என்ற பொருளை அது கொண்டுவருகிறது. பேச்சில் பெண்கள் இதை எப்போதோ பிரித்துவைத்துவிட்டார்கள். நாள் தப்பினால் ‘தள்ளிப்போயிருக்கு’, ஒரேயடியாக முடிந்தால் ‘நின்னுபோச்சு’. இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. இவ்வளவு துல்லியமான வழக்கு வாயில் இருக்க, எழுத உட்கார்ந்ததும் அதைக் கொச்சை என்று தள்ளிவிட்டு அகராதியைப் புரட்டப் போவது என்ன பழக்கமோ தெரியவில்லை.

இதைவிட மோசமானது ‘மாதவிடாய் இடைநிறுத்தம்’. ஆங்கிலச் சொல்லின் வாலில் இருக்கும் ‘பாஸ்’ என்பதைப் பாட்டுக் கருவியின் இடைநிறுத்தப் பொத்தானாக நினைத்துக்கொண்டு செய்தது. மூலக் கிரேக்கத்தில் அது ஓய்தல் என்று மேலேயே பார்த்தோம். இடையில் நிறுத்தி மறுபடி தொடங்குவது எதுவும் அங்கே இல்லை.

தூய்மைவாதிகளின் பக்கமும் போய் வருவோம். ‘பூப்பு நிறைவு’ என்பார்கள். கேட்க அழகு. தொல்காப்பியக் கற்பியலில் பூப்பு என்பது மாதாமாதம் வருவதைத்தான் குறிக்கிறது. பூப்பின் பின் பன்னிரண்டு நாட்கள் தலைவன் பிரிந்திருக்கலாகாது என்பது அங்கே பேச்சு. ஆனால் இன்றைக்குப் பூப்பு என்றால் எல்லோருக்கும் முதல் மாதவிடாய். ‘பூப்பு நிறைவு’ என்று துண்டறிக்கையில் போட்டால் மஞ்சள் நீராட்டு முடிந்ததாக்கும் என்று நினைப்பார்கள். ‘நிறைவு’ எனக்குக் கொஞ்சம் தேன் தடவியதாகவும் படுகிறது. வெம்மையில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பவரிடம் போய் நிறைவு என்று சொல்ல நா எழாது. ‘பேரிளம்பெண் பருவம்’ என்றும் ஒரு யோசனை உண்டு. பேதை முதல் பேரிளம்பெண் வரையான ஏழு பருவங்களில் அதுதான் கடைசி. ஆனால் பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் அது 40 வயதோடு முடிந்துவிடுகிறது. பழைய இலக்கணக்காரர்களுக்கு அதற்கு மேற்பட்ட பெண்ணைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை போலும்! 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனால் மருத்துவம் அதைத் தனியாகக் கவனிக்கவேண்டிய குறைபாடாகப் பார்க்கிறது. எலும்புக்கும் இதயத்துக்கும் அதில் ஆபத்து கூடுதல். அந்த வயதில் முடியும் பருவத்தின் பெயரை இயல்பான மெனோபாஸுக்கு வைப்பது பொருந்தாது.

மெனோபாஸ் என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன என்று கேட்டால், தாராளமாக எழுதலாம். நானே இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தமிழாக்கத்தின் பெயரால் புரியாத சொல்லைத் தருவதைவிட, எல்லோரும் கேட்டுப் பழகிய சொல் மேல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு உள்ள கோபம் இந்த ஒரு சொல்லோடு தீர்வதில்லை. மாரடைப்பு வேறு, இதயத்துடிப்பு திடீரென நின்றுபோவது வேறு. இரண்டாவதற்கும் ‘இதய நிறுத்தம்’ என்றே எழுதுகிறார்கள். திறந்த இதய அறுவையில் மருந்து செலுத்திச் சற்று நேரம் இதயத்தை நிறுத்திவைக்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது? பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு இன்னும் பாவம். அது ‘கருப்பை நீர்க்கட்டி’ ஆகிவிட்டது. முதலில் அது கருப்பையில் இல்லை, சினைப்பையில். இரண்டாவது, ஸ்கேனில் வரிசையாகத் தெரிகிற அந்தச் சின்னச் சின்ன வட்டங்கள் உண்மையான நீர்க்கட்டிகளும் இல்லை. முழுதாக வளராமல் நின்ற சினைமுட்டைப் பைகள். ‘கட்டி’ என்று கேட்டதும் இளம்பெண்கள் அறுவை சிகிச்சையை நினைத்துப் பயப்படுகிறார்கள். உள்ளே நடப்பது ஹார்மோன் கோளாறு.

மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ, மிகையான, முறைதவறிய உதிரப்போக்கைக் குறிக்கும் மெனோரேஜியா, மெட்ரோரேஜியா போன்ற கிரேக்கக் கூட்டுச் சொற்களைக் கைவிடச் சொல்லிவிட்டது. மருத்துவர்களே ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். 2011இல் வெளியான அதன் வகைப்பாட்டுக்குப் பிறகு ‘அதிகமான மாதவிடாய்ப் போக்கு’ என்று எளிமையாகவே சொல்கிறார்கள். அவர்கள் விட்டெறிந்ததை எடுத்து ‘பெருமிகை உதிரப்பெருக்கு நோய்’ என்ற பாணியில் நாம் சோடித்துக்கொண்டிருக்கிறோம்.

துண்டறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு வாக்கியத்தை மாதிரிக்குத் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘மாதவிடாய் நின்றுபோய் ஓர் ஆண்டு ஆன பிறகு துளி இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமாக இருக்கும்; சிலருக்கு அது கருப்பை உள்வரிப் புற்றுநோயின் முதல் அறிகுறி.’ இப்போது சுற்றிவரும் வடிவம் ‘மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பிந்தைய உதிரப்போக்கு மருத்துவ ஆலோசனைக்கு உட்படுத்தப்பட வேண்டும்’ என்பது. நிறுத்திய பிறகு மறுபடி வந்துவிட்டது, சரிதான் என்று அதைப் படித்தவர் சும்மா இருந்துவிட்டால் அவர்மேல் குற்றம் சொல்லமுடியாது.