ப்ளைவுட் படகின் காக்பிட்டை அரிப்பது கடல்நீர் அல்ல, மழைநீர்

வீட்டிலேயே ப்ளைவுட்டில் பாய்மரப் படகு கட்டுபவர்கள் அடிப்பகுதிக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட காக்பிட்டுக்கு, அதாவது ஆட்கள் உட்காரும் பள்ளமான பகுதிக்கு, காட்டுவதில்லை. பழுதுக்கு வரும் படகுகளில் அடிப்பகுதி பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும். இருக்கைப் பலகையின் ஓரத்திலும், கயிறு கட்டும் கிளீட் மாட்டிய இடத்திலும் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும்.

காரணம் மழை. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது, நன்னீர்தான் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. 30-ஐ நெருங்கி அங்கேயே நின்றால் வேலையைத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் தார்ப்பாய் போடாமல் கரையில் நிறுத்திய படகு கெடுவது இப்படித்தான்.

தண்ணீர் நுழைவது பலகையின் முகம் வழியாக அல்ல, அறுத்த ஓரம் வழியாகவும் துளை வழியாகவும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. துளை போட்டு, நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் கொஞ்சம் தடவி முறுக்கிவிடுகிறார்கள். அந்த சீலன்ட் ஒருநாள் விட்டுப்போகும். அதனால் முதலில் 10 மி.மீ. துளை போடுங்கள். அடியில் டேப் ஒட்டி, எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசின்) தூள் எதுவும் சேர்க்காமல் துளைச் சுவரில் தடவி ஊறவிடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். நன்றாக இறுகியதும் அதன் நடுவில் 6 மி.மீ. துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி 2 மி.மீ. எபாக்ஸிச் சுவர் இருக்கிறது. சீலன்ட் விட்டாலும் ஈரம் மரத்தைத் தொடாது. அடியில் சின்ன வாஷர் போதாது, 12 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு துளையைக்கூட விடக்கூடாது. அறுத்த ஓரங்களுக்கு மூன்று பூச்சு. எபாக்ஸி வெயில் தாங்காது, மேலே பெயின்ட் கட்டாயம்.

நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இறுகும் எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் வரலாம். அதை முதலில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அப்புறம்தான் உப்புத்தாள். இல்லையென்றால் அடுத்த பூச்சு உரிந்து வரும். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடவே வேண்டாம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது.

அடுத்தது வடிகால். ஒன்றரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 40 செ.மீ. ஆழமுள்ள காக்பிட்டில் ஓர் அலை ஏறி நிரம்பினால் 300 லிட்டர், அதாவது 300 கிலோவுக்கு மேல். அது முழுவதும் பின்பகுதியில் அழுத்தும்போது அடுத்த அலையும் ஏறுவது எளிது. குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் வாயின் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே 19 மி.மீ. குழாய் வேண்டாம், 38 மி.மீ. குழாய் இரண்டு வையுங்கள். துளை போடும் முன் ஆட்களை உட்காரவைத்து நீர்மட்டத்தைக் குறியுங்கள். காக்பிட் தளம் அதற்கு மேலே இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும்.

பலகை வாங்கும்போது, கடல் பயன்பாட்டு ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரை பாருங்கள். முத்திரை இருந்தாலும், அறுத்த ஓரத்தில் அடுக்குகளுக்கிடையே பொந்து தெரிந்தால் அந்தப் பலகையைக் காக்பிட்டுக்கு எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே படகு வைத்திருப்பவர்கள், மழைக்கு முன் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கிளீட்டைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். துளை கறுத்து ஈரமாக இருந்தால் உளுத்ததைச் சுரண்டி எடுத்து, வாரக்கணக்கானாலும் முழுதாக உலரவிட்ட பிறகே எபாக்ஸி ஊற்றுங்கள்.