அடிக்ஷன்: ‘அடிமை’யை விடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எது?

அடிக்ஷன் என்பதற்குத் தமிழில் எல்லோரும் எழுதுவது ‘அடிமையாதல்’. பத்திரிகையில் ‘போதைக்கு அடிமையான இளைஞர்’, மேடையில் ‘குடிக்கு அடிமையானவர்கள்’. மூலத்தைப் பார்த்தால் இதில் பிழை சொல்ல முடியாது. பழைய ரோமில் கடனைக் கட்ட முடியாதவனை, கடன் கொடுத்தவனிடமே ஒப்படைக்கச் சட்டம் இருந்தது. அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு லத்தீனில் ‘அடிக்டுஸ்’ என்று பெயர். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, ஒரு காரியத்துக்குத் தன்னையே கொடுத்துவிடுவதற்கும் அந்தச் சொல் பயன்பட்டது. போதைப்பொருளோடு அது இறுக ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்தான். நம் அடிமையும் ‘அடி’யிலிருந்து வந்தது. கடவுளுக்கு ஆட்பட்டவரை அடியார் என்கிறோம்.

பொருள் சரிதான். வீட்டுக்குள் இந்தச் சொல் செய்யும் வேலைதான் எனக்குக் கவலை. “என்ட மனுசன் எடுப்பார்தான், அதுக்காக அடிமையெல்லாம் இல்லை” என்று கொழும்பில் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! அடிமை என்றால் கான் ஓரத்தில் விழுந்து கிடப்பவர் என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. தன் வீட்டுக்காரர் கந்தோருக்குப் போகிறார், சம்பளத்தைக் கொண்டுவருகிறார், ஆகவே அவர் அந்தப் படத்தில் இல்லை. பிள்ளையைப் பற்றியும் இதே பதில்தான் வரும். சொல்லில் இருக்கும் அவமானம் அறிகுறிகளை மறைத்துவிடுகிறது.

உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 1964இலேயே ‘அடிக்ஷன்’ என்ற சொல்லைக் கைவிடச் சொன்னது. அதற்குப் பதிலாக அது பரிந்துரைத்த ‘டிபென்டன்ஸ்’ என்ற சொல்லைத் தமிழகத்தில் ‘சார்புநிலை’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் நமக்கு ‘தங்கியிருத்தல்’ இன்னும் நெருக்கமானது. ஒருவருடைய உழைப்பை நம்பியிருப்பவர்களைத் தங்கி வாழ்வோர் என்று நாம் ஏற்கனவே சொல்கிறோமே, அதே சொல். ‘பாவனை’யும் நம் வழக்குத்தான். தமிழகத்தில் அதற்கு நடிப்பு என்று பொருள் போகும்; இங்கே ஒன்றைப் பயன்படுத்துவது. பாவனையாகத் தொடங்குவது எந்தக் கட்டத்தில் தங்கியிருத்தல் ஆகிறது என்பதுதான் ஒரு குடும்பம் கவனிக்க வேண்டியது.

மனிதர் எவ்வளவு மோசம் என்று ‘தங்கியிருத்தல்’ என்ற சொல் கேட்பதில்லை. குடியோ போதையோ கிடைக்காத நாளில் அவருக்கு என்ன நடக்கிறது என்று கேட்கிறது. இலங்கையில் அதற்கு மாதந்தோறும் ஒரு நாள் வருகிறது: போயா என்னும் பௌர்ணமி விடுமுறை. அன்று வைன் ஸ்டோர்ஸ் எல்லாம் பூட்டு. முதல் நாளே அரைப் போத்தல் சாராயம் வாங்கி அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்தாரா? இல்லையென்றால் போயாவன்று காலை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறாரா? வியர்வை, எரிச்சல், நித்திரையின்மை இருக்கிறதா? இவை உடம்பு தங்கியிருக்கத் தொடங்கியதன் அடையாளங்கள்.

மருத்துவர்கள் வேறு சிலவற்றையும் பார்ப்பார்கள். அடங்காத ஆசை, தொடங்கினால் நிறுத்த முடியாமை, அதே வெறிக்கு முன்னையை விடக் கூட வேண்டியிருப்பது, மற்ற விருப்பங்கள் ஒவ்வொன்றாக உதிர்வது, ஈரல் கெட்டது என்று தெரிந்த பிறகும் தொடர்வது. விலகும்போது வரும் உடல் உபாதையும் சேர்த்து ஆறு. கடந்த ஒரு வருடத்தில் இவற்றில் மூன்று ஒன்றாகத் தெரிந்தால் அது தங்கியிருத்தல் என்பது உலக சுகாதார அமைப்பு 2022க்கு முன்பிருந்த தன் நோய்ப் பட்டியலில் வகுத்திருந்த அளவுகோல். வேலைக்குப் போகிறாரா என்பது இந்த ஆறில் இல்லை.

‘குடு’ என்று கொழும்பில் சொல்வது ஹெரோயினை. சிங்களத்தில் அதற்குத் தூள் என்று பொருள். கருகிய ஈயப் பேப்பர், ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். கிடைக்காதபோது மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பு உளையும். தடிமன் என்று விட்டுவிடுவோம். ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் இதற்கு நேர்மாறு. இரவிரவாக விழித்திருப்பான், பசி இருக்காது, மெலிந்துகொண்டே போவான், எல்லோரையும் சந்தேகிப்பான். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆகவே பிள்ளையைக் குற்றவாளிபோல் விசாரிக்காமல் டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம், கோபத்தில் போத்தலை உடைத்து, “இன்றோடு விட்டுவிடு” என்று மட்டும் சொல்லாதீர்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, பிதற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். கைநடுக்கத்தோடு பிதற்றலோ வலிப்போ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆலோசனைக்கு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. குடும்பத்தாரும் எடுத்துப் பேசலாம். பேசும்போது “அடிமையாகிவிட்டார்” என்று சொல்ல வாய் வராவிட்டால், “இது இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை” என்றே சொல்லுங்கள்.