பண்பலைத் தொகுப்பாளர்களே, ‘கோழை’ என்ற சொல்லை நிறுத்துங்கள்

நான் மனநல மருத்துவர். சென்ற மாதம் பொது மருத்துவப் பிரிவிலிருந்து அழைப்பு வந்து, ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், பனியன் கம்பெனியில் தையல் வேலை, இரண்டு பிள்ளைகள். தற்கொலைக்கு முயன்று, உறவினர் ஒருவர் தற்செயலாக வீட்டுக்கு வந்ததால் பிழைத்தவர். (அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதல் இரண்டு நாட்கள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர் மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார்.

“பக்கத்து மிஷின் அக்காகிட்ட சொல்லீரலாம்னு இருந்தேனுங்க டாக்டர். அன்னிக்குப் பாத்து ரேடியோவுல அப்பிடிப் பேசுனாங்க. அக்காவும் ‘ஆமா, சரியாத்தான் சொல்றாங்க’ன்னாங்க. அப்பறம் எப்பிடிங்க வாயத் தொறக்கறது?”

அவர் வேலை செய்யும் கூடத்தில் ஒரு தூணில் ஆணி அடித்து வானொலிப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். காலை ஷிப்ட் தொடங்கியதும் போட்டால் மாலை வரை ஓடும். அன்று அதில் ஒரு தொகுப்பாளர், நாளிதழில் வந்த தற்கொலைச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, மிகுந்த உணர்ச்சியுடன் பேசியிருக்கிறார். சாகத் துணிவு இருக்கிறவர்களுக்கு வாழத் துணிவு இல்லையா, இது கோழைகளின் முடிவு, பெற்ற பிள்ளைகளைத் தவிக்க விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய சுயநலம் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பேசி முடித்ததும் ஒரு பாட்டு.

அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. யாரோ ஒருவரைத் தடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பில்தான் பேசியிருப்பார். ஆனால் வானொலியிலோ மேடையிலோ இப்படியொரு பேச்சைக் கேட்டபின் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் இந்தப் பெண் அல்ல. இனியும் இதை நோயாளியின் குறிப்பேட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தற்கொலை எண்ணத்தில் இருப்பவரின் மனத்தில் ஏற்கெனவே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். ‘நான் எதற்கும் உதவாதவள், எல்லோருக்கும் பாரம், நான் போய்விட்டால் பிள்ளைகளாவது நிம்மதியாக இருப்பார்கள்’ என்பதே பெரும்பாலானவர்கள் என்னிடம் சொல்வது. இது மனச்சோர்வு நோய் உண்டாக்கும் எண்ணம்; உண்மையல்ல; சிகிச்சையில் மாறக்கூடியது. ஆனால் நோயின் நடுவில் இருக்கும்போது அது அவருக்கு முழு உண்மையாகத் தெரியும். பிள்ளைகளின் நன்மைக்காகவே தான் இல்லாமல் போக வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் ‘நீ சுயநலக்காரி’ என்று சொன்னால், அவர் மனம் மாறுவதில்லை. தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் கேவலமான மதிப்பீட்டுக்கு ஊரும் சாட்சி சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார். கோழை என்ற சொல்லும் அப்படியே வேலை செய்கிறது. பயந்து திருந்த வைப்பதற்குப் பதிலாக, உதவி கேட்க வந்த வாயை அடைத்துவிடுகிறது.

துணிவு இங்கே அளவுகோலே அல்ல. தீயணைப்புத் துறையில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து இதே எண்ணத்தைப் பற்றி அழுதிருக்கிறார். அவரிடம் போய்த் துணிவைப் பற்றி யார் பாடம் நடத்துவது? இன்னும் ஒன்றையும் கவனியுங்கள். ‘சாகத் துணிவு இருக்கிறது’ என்று தொடங்கும் அந்த வாக்கியம், சாவதைத் துணிவான செயல் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. வேதனையில் இருக்கும் பதினேழு வயதுப் பையனின் காதில் வாக்கியத்தின் இரண்டாம் பாதி விழுந்தே தீரும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்?

பண்பலையில் இந்தப் பிழை அதிகம் நேர்வதற்கு ஓர் அமைப்புக் காரணமும் இருப்பதாக நான் நினைக்கிறேன். நம் நாட்டில் தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே செய்திக்கென்று ஆசிரியர் குழு இருக்காது. ஆனால் செய்தியைப் பற்றிய பேச்சு நாள் முழுவதும் இருக்கிறது. காலையில் நாளிதழைப் புரட்டும் தொகுப்பாளரே நிருபர், துணை ஆசிரியர், கருத்தாளர் எல்லாமாகி, அடுத்த நிமிடமே ஒலிவாங்கியின் முன் பேசிவிடுகிறார். இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டு வழிகாட்டு நெறிகளை ஏற்றது. முறையை விவரிக்காதே, இடத்தைக் குறிப்பிடாதே, முக்கியத்துவம் கொடுத்துத் திரும்பத் திரும்ப வெளியிடாதே, பரபரப்பாக்காதே, தீர்வாகக் காட்டாதே என்று அவை தெளிவாகவே சொல்கின்றன. மன்றத்தின் வரம்பு அச்சு ஊடகத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் அந்தப் பக்கங்கள் பல பண்பலை நிலையங்களின் மேசைக்கு வந்ததே இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஊடகத்தினருக்காக 2000-இல் முதலில் வெளியிட்டு, 2023-இல் புதுப்பித்த கையேடு வானொலிக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு மாலையில் படித்துவிடலாம். படியுங்கள்.

சொல்லும் விதத்தால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரியாவின் வியன்னா நகரைச் சொல்வேன். அங்கே சுரங்க ரயிலில் நேர்ந்த தற்கொலைகளைப் பற்றி நாளிதழ்கள் பரபரப்பாக எழுதிக்கொண்டிருந்தன. 1987-இல் செய்தி வெளியிடும் முறைக்கு வழிகாட்டுதல் தரப்பட்டு, நாளிதழ்கள் அதை ஏற்றுக்கொண்ட ஆறு மாதங்களில் அந்தத் தற்கொலைகள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. அதே ஆஸ்திரியாவில் 2010-இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது: நெருக்கடியில் சிக்கி அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியான பிறகு தற்கொலைகள் குறைந்தே காணப்பட்டன. எனவே வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இதைப் பற்றிப் பேசினாலே எண்ணம் தொற்றிவிடும் என்று அஞ்சி முற்றிலும் ஒதுங்கிவிடும் நிலையங்களும் தவறுதான் செய்கின்றன. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பலருக்கு அது பெரிய ஆறுதல்.

யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. பண்பலையில் இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போவது மே மாதம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில். மாணவர்களிடம் பேச வேண்டியது அவசியம்; துணைத்தேர்வு உடனே வருகிறது என்பதைப் பத்து முறை சொல்லுங்கள். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் பாருங்கள். அந்த ஆண்டில் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். தேர்வுத் தோல்வி காரணமாகப் பதிவானவை நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டுகின்றன. குடும்பப் பிரச்சினையும் நோயும் சேர்ந்து பாதியைத் தொடுகின்றன. இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். (காவல் துறை எழுதும் அந்த ‘ஒற்றைக் காரணம்’ என்ற கட்டமே எனக்கு உடன்பாடானதல்ல, ஒரே காரணத்தால் இறந்தவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை.) தினக்கூலிகளும் இல்லத்தரசிகளும் வேலையோடு வேலையாக வானொலியைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். உங்கள் நேயர்கள். மற்ற பதினொரு மாதங்களில் அவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

இனி சில வேண்டுகோள்கள். எப்படி இறந்தார் என்பதை எந்தச் சூழலிலும் சொல்லாதீர்கள். பொருளின் பெயர், அளவு, இடம் எதுவும் வேண்டாம். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்காதீர்கள். ‘விபரீத முடிவு’, ‘உயிரை மாய்த்துக்கொண்டார்’ போன்ற அலங்காரங்களை விடுத்து, தற்கொலையால் இறந்தார் என்று நேராகச் சொல்லுங்கள். ‘முடிவு’ என்னும் சொல்லே எனக்கு உறுத்துகிறது. தீர யோசித்து எடுத்த தீர்மானம் போல அது ஒலிக்கிறது, பிழைத்தவர்களிடம் கேட்டால் அந்த உந்துதல் அலைபோல வந்து போனது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். பேச்சை முடித்த கையோடு சாவைப் பாடும் சோகப் பாட்டைப் போடாதீர்கள். இரவு நேர நேரலையில் அழைத்தவர் சாகப் போவதாகச் சொன்னால் அவரை ஒலிபரப்பில் வைத்துக்கொண்டு அறிவுரை சொல்ல வேண்டாம். பாட்டுக்குப் போங்கள், இணைப்பைத் துண்டிக்காமல் தயாரிப்பாளர் பேசட்டும், அவருக்கு அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கட்டும். உங்கள் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை ஒருமுறை சந்தித்துவிட்டு வந்தால் இது அரைநாள் வேலை.

சட்டத்தையும் சொல்லுங்கள், யாரும் சொல்வதில்லை. போலீஸ் வழக்கு வரும் என்ற பயத்தில் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று குடும்பமே மறைத்து, மனநலப் பிரிவுக்கு வராமலேயே வீட்டுக்கு அழைத்துப் போவதை வாரந்தோறும் பார்க்கிறேன். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 115-ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. இந்த இரண்டு வரிகளை உங்கள் குரலில் கேட்டால் எத்தனையோ குடும்பங்கள் மறைக்காமல் வருவார்கள்.

கடைசியாக, எண்கள். 14416 என்பது 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் மத்திய அரசின் மனநல உதவி எண், டெலி-மானஸ்; இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 இருக்கிறது. 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இவற்றை விளம்பரத்தின் வாலில் வேகமாக ஒப்பித்துவிட்டுப் போகாதீர்கள். வானொலியில் பின்னால் போய்க் கேட்க முடியாது. கேட்பவர் கையில் பேனா இருக்காது. ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு என்று பிரித்து, நிறுத்தி, மூன்று முறை சொல்லுங்கள்.

அந்தப் பெண் இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மறுபரிசோதனைக்கு இரண்டு முறை வந்துவிட்டார், இரண்டாம் முறை அந்தப் பக்கத்து மிஷின் அக்காவே துணைக்கு வந்திருந்தார். வானொலிக்காரர்களுக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அந்தப் பெண் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். “காலையில பதினோரு மணி டீ டைம்ல சொல்லச் சொல்லுங்க டாக்டர். அப்பத்தான் மிஷின் எல்லாம் நிக்கும். நம்பர் காதுல விழும்.”